பள்ளிக்கூடம் திறந்தாச்சு, உள்ளே வாங்க

(பள்ளி திறந்த முதல் ஞாயிறு மாலை நம் நகர்ப் பூங்காவில் நடந்த சங்கக் கூட்டத்தில், அடுத்த தெரு அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை பேசியது. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பி, கத்திரி வெயிலும் போய், பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. வெயில் மட்டும் இன்னும் லீவு எடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் நாலு பிள்ளை சேர்ந்துகொள்ளும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஒரு பையன் இந்த வாரம் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான், "அவனுக்குத் தண்ணி வேணுமாம் டீச்சர்" என்று சொன்னாள். வீட்டில் பேசும் மொழியை நிறுத்திவிடாதீர்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். தமிழை இங்கே எங்களோடு பழகிக் கற்றுக்கொள்வான்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் வேனில் ஏறி வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள். அது உங்கள் முடிவு, அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், குடியிருப்பு வாசலில் காவலுக்கு நிற்கிறவர், துணி தேய்த்துக் கொடுக்கிறவர் ஆகியோரின் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அதனால் எங்கள் பள்ளிக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே தொடர்பு இருக்கிறது.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை நீட்டினேன். ஒரு அம்மா மெல்லிய குரலில், "டீச்சர், எனக்குக் கையெழுத்து வராது. மை டப்பா இருக்கா?" என்றார். அவசரத்தில் நான், "இந்தக் காலத்துல கையெழுத்துப் போடத் தெரியாம இருப்பாங்களாம்மா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. பிறகு அவர் மகளும் வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருக்க ஆரம்பித்தாள். இருபது வருடம் ஆசிரியராக இருந்தவள், ஒரே வாக்கியத்தில் ஒரு தாயை வாசலோடு நிறுத்திவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது போலக் கையை நிறுத்தாமல் கட்டினார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரில் ஒரு முடிச்சு, அது ஒரு கண்ணி. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு கண்ணிக்கு நாலு பூ, இரண்டு கண்ணிக்கு எட்டு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஏறாத நான்காம் வாய்ப்பாடு அந்த அம்மாவின் விரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"வகுப்புக்கு வந்து கட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். "நானா?" என்றார். அடுத்த வாரம் ஒரு படி மொட்டோடு வந்தார். அன்று முப்பது பிள்ளைகள் பத்து நான்கு நாற்பது வரை எண்ணினார்கள். அவர் மகள் அன்று உட்கார்ந்திருந்த உட்காரலைப் பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு அந்தப் பிள்ளை காய்ச்சலுக்கு மட்டும்தான் லீவு போட்டாள். கையெழுத்து இப்போதும் அந்த அம்மாவுக்கு வராது. மை டப்பா என் மேசையிலேயே இருக்கிறது.

பெற்றோர் உள்ளே வருவது எங்கள் தயவில் நடப்பதல்ல, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் அதன் தலைவரும் ஒரு பெற்றோர்தான், தலைமையாசிரியர் அல்ல. கழிப்பறைக்குக் கதவு இல்லை, குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தீர்மானம் போடுவது அந்தக் குழுதான். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் தாய்மார்கள் எங்கே இருக்கிறார்கள்? உங்கள் வீடுகளில்.

அதனால் இன்று உங்களிடம் கேட்கத்தான் வந்தேன். நன்கொடை கேட்கவில்லை. கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் விடுப்புக் கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். காவலாளிக்கு மாற்று ஆள் போடுவதைச் சங்கமே ஏற்பாடு செய்யலாம். தேதியை முன்கூட்டியே செயலாளரிடம் தருகிறேன், நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். ("அன்னைக்குப் பாத்திரத்தை நாங்களே தேச்சுக்கிறோம்" என்று ஒரு சார் பின்வரிசையிலிருந்து சொல்கிறார். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாரா என்று தெரியவில்லை!)

காலை நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று, நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் முதல் பீரியடில் "தலை வலிக்குது டீச்சர்" என்று படுத்துவிடும் பிள்ளைகள் நிறைய. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். விடிகாலையில் உங்கள் வீட்டு வேலைக்குக் கிளம்பும் தாய் தன் அடுப்பை எப்போது பற்ற வைப்பார்? இப்போது உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாக இருக்கிறது. மணி அடித்தபின் வந்தால் அது ஆறிவிடும். எனவே பெற்றோர்களே, நேரத்துக்கு அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை கையில் செல்போன் வேண்டாம். வேறு பெரிய பட்டியல் எதுவும் இல்லை.

நன்கொடை கேட்கவில்லை என்றேன். கேட்காமலே கொடுத்தவரும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார். ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் கொடிக்குளத்தில், வங்கி ஊழியர் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர் அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். மறைந்த மகள் ஜனனியின் நினைவாக. ஏழு கோடி ரூபாய்க்கு மேல் பெறும் நிலம் அது. 2024 குடியரசு தின விழாவில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. செய்தியைப் படித்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. தன் பிள்ளை இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாய் அப்படிக் கொடுத்திருக்கிறார்.

நான் கேட்பது வெள்ளிக்கிழமையில் இரண்டு மணி நேரம். எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற குடும்பங்களுக்கு: வாங்க. செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தா ஓரமாக நிற்க வேண்டாம், வகுப்பறைக்குள் நாற்காலி போட்டிருக்கிறோம். தையல் தெரிந்தவர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுகிறவர், பருத்திப்பால் விற்கிறவர் எல்லோருக்கும் என் வகுப்பில் ஒரு பீரியட் உண்டு. பூ கட்டும் அம்மா இந்த வருடமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடி வந்தால் பூ வேலை கூடிவிடும், அதற்கு முன்பே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை என்று பேசி வைத்திருக்கிறோம்.