உருண்டை உடையாமல் இருக்க



தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு. ஒன்று சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டை ஒட்டியிருப்பது. அந்தப் பக்கம் கறி விருந்து என்றால் கைமாவில் பிடித்த கோலா உருண்டைக்கு இலையில் இடம் உண்டு. மற்றது நம்முடையது, ஜவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூர். வேலூரிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 28 முதல் தனி மாவட்டத்துக்குத் தலைநகர். நம் மாவட்டத்து வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அதே கைமாவில் கோஃப்தா பிடிக்கிறார்கள். வேகவைத்த முட்டையை உள்ளே பொதித்துப் பிடித்தால் நர்கிசி கோஃப்தா. இந்த வகையிலேயே பெரிய உருண்டை ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஈரானின் வடமேற்கில் தப்ரீஸ் என்று ஒரு நகரம். அந்த ஊர்ப் பெயரிலேயே அதை 'தப்ரீஸ் கூஃப்தே' என்கிறார்கள்.

நாம் பிடிக்கும் கோலா உருண்டை ஓர் எலுமிச்சம்பழ அளவு இருக்கும். தப்ரீஸ் உருண்டை சாத்துக்குடி அளவில்தான் தொடங்கும். விருந்துக்கு இன்னும் பெரிதாகப் பிடிப்பார்கள்; ஒரு முழுக் கோழியையே உள்ளே வைத்துப் பிடிப்பதும் உண்டு. கறியோடு பருப்பும் அரிசியும் வாசனை இலைகளும் சேர்ந்திருக்கும். பிளந்தால் நடுவில் முட்டை, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், அக்ரூட் பருப்பு, புளிப்பான உலர்பழம். எண்ணெயில் பொரிப்பது இல்லை. தக்காளி, மஞ்சள், குங்குமப்பூ சேர்ந்த சாற்றில், மெல்லிய தீயில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேக வேண்டும்.

தப்ரீஸ் பனி விழும் ஊர். பட்டு வணிகப் பாதையில் பேர்போன சந்தை அது. அந்தப் பழைய சந்தைத் தொகுதியை 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியின் கோஃப்தே, அரபு நாடுகளின் கஃப்தா, காஷ்மீரின் கோஷ்டாபா எல்லாம் இந்த உருண்டைக்கு உறவுமுறை.

நமக்கும் அந்த உறவு உண்டு. ஆற்காடு நவாபுகளின் அரசவையில் எழுத்து மொழி பாரசீகம். நவாப் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்ட் 3 அன்று போரில் விழுந்தது நம் ஆம்பூரில்தான். அவருக்குப் பின் வந்த மகன் முகமது அலி வாலாஜாவின் காலத்தில், அந்த வம்சத்தின் கதையை புர்ஹான் இப்னு ஹசன் 'துஸக்-இ-வாலாஜாஹி' என்ற பெயரில் பாரசீகத்திலேயே எழுதினார். 1930களில் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹுசைன் நயினார். பாலாற்றங்கரை வீடுகளில் பிரியாணியும் கோஃப்தாவும் பழகிப்போனது அந்த உலகத்தோடு நமக்கு இருந்த கொடுக்கல் வாங்கலால்தான். ஆகவே தப்ரீஸ் உருண்டையை நான் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலாக நினைப்பதில்லை. தூரத்துச் சொந்தம். கூப்பிட்டால் வரும்.

இதை அரண்மனைப் பண்டம் என்று நினைத்துத் தள்ளிவைக்கவும் வேண்டாம். அரைக் கிலோ கறியை வறுவலாக வைத்தால் மூன்று பேருக்குக் காணும். அதே அரைக் கிலோவில் பருப்பும் தானியமும் சேர்த்து உருட்டி, சாறோடு பரிமாறினால் ஆறு பேர் வயிறாரச் சாப்பிடலாம். குறைந்த கறியில் நிறைய பேருக்குப் போட நினைத்த வீட்டுக்காரிகளின் கணக்கு இதில் இருக்கிறது. எனக்கு இந்தச் சமையல் பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

செய்யலாமா என்று யோசிப்பவர்களைத் தடுப்பது ஒரே பயம்தான்: உருண்டை சாற்றில் கரைந்துவிட்டால்? பருப்புருண்டைக் குழம்பு வைக்கும் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது. அதற்காகத்தான் பருப்புருண்டையை முதலில் ஆவியில் வேகவைத்துக் குழம்பில் போடுகிறோம். கோலா உருண்டையை வாழைநாரால் கட்டிப் பொரித்தார்கள் பழைய ஆட்கள். இப்போது பலர் மைதா, சோளமாவு, ரொட்டித்தூள் என்று கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போடுகிறார்கள். அது எனக்கு ஒப்பாத வழி. மாவு கூடக் கூடக் கறியின் ருசி மங்கும். வாயில் வைத்தால் சவசவவென்று இருக்கும்.

கறியைக் கட்டும் பசை கறிக்குள்ளேயே இருக்கிறது. தசையில் மயோசின் என்று ஒரு புரதம் உண்டு. உப்புப் போட்டு அழுத்திப் பிசையும்போது அது வெளியே வந்து பிசுபிசுப்பாகும். சூடு பட்டதும் இறுகி, கறி, பருப்பு, தானியம் எல்லாவற்றையும் வலைபோலப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். காஷ்மீரில் கோஷ்டாபா செய்பவர்கள் கறியையும் கொழுப்பையும் கல்லில் வைத்து மரச்சுத்தியலால் அடித்தே பசையாக்கிவிடுவார்கள். மாவு கிடையாது, முட்டை கிடையாது. தயிர்ச் சாற்றில் கொதித்தும் அந்த உருண்டை உடைவதில்லை. ஆகவே நேயர்களே, இந்தச் சமையலில் நேரம் செலவிட வேண்டிய இடம் பிசைவதுதான். மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த வேலை.

இனி செய்முறை. கறிக்கடையில் தொடைக்கறியோடு கொஞ்சம் நெஞ்சுக்கறியும் சேர்த்து வாங்குங்கள். கொழுப்பே இல்லாத கறியில் உருண்டை வறண்டுபோகும். கைமா மெஷினில் இரண்டு தடவை விட்டுத் தரச் சொல்லுங்கள். அரைக் கிலோ கைமாவுக்கு 100 கிராம் கடலைப்பருப்பு போதும். ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேகவைத்து, வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிட்டு மசித்துக்கொள்ளுங்கள். பருப்பில் தண்ணீர் தங்கினால் பிசைந்த பலன் போய்விடும். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சாற்றுக்கு ஆகும்.

தப்ரீஸில் இதோடு பச்சரிசியைப் பாதி வேகவைத்துச் சேர்ப்பார்கள். நான் சொல்வது ஜவ்வாது மலைச் சாமை. 75 கிராம் சாமையைச் சற்றுக் குழையவே வேகவிட்டு ஆறவையுங்கள். சிறு மணி, சீக்கிரம் வேகும், கறியோடு கறியாகக் கலந்துவிடும். புதூர்நாட்டிலும் ஜமுனாமரத்தூரிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக விளைவித்துவரும் தானியம் இது. மலையில் ஒருகாலத்தில் அன்றாடச் சோறே சாமைச்சோறுதான். ரேஷன் அரிசி ஏறிய பிறகு அடுப்பில் அதன் இடம் சுருங்கிவிட்டது. சாமையைச் சர்க்கரை நோயாளிக்கான உப்புமாவாக மட்டும் நாம் பார்ப்பது அதற்குச் செய்யும் குறை. கறிச் சமையலில் சேர்த்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

இலைகளுக்கு வருவோம். டாரகன், மர்ஸே போன்ற வாசனை இலைகளைத் தப்ரீஸில் போடுவார்கள். நமக்குக் கொத்தமல்லித் தழையும் வெங்காயத்தாளும் இரண்டு கைப்பிடி. புதினா நாலைந்து இலைக்கு மேல் வேண்டாம். கூடினால் பிரியாணி வாசம் வந்துவிடும். கழுவி, ஈரம் போக உலர்த்தி, பொடியாக நறுக்குங்கள். ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவி, சாற்றைப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, ஒரு முட்டை. அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுதுக்கும் பட்டை லவங்கத்துக்கும் கை தானாகப் போகும், தெரியும். தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். இலையின் வாசமும் பழத்தின் புளிப்பும் மேலே வர வேண்டிய சமையல் இது. மசாலா போட்டால் அவை இரண்டும் அமுங்கிவிடும்.

முதலில் கைமாவையும் உப்பையும் மட்டும் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பிசையுங்கள். பிறகு மற்றவற்றைச் சேர்த்து மறுபடியும். கால் மணி நேரமாவது ஆகும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பிக் கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் பதம் வந்துவிட்டது. பாத்திரத்தை மூடி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். கோடை நாளில் கைமாவை வெளியே வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தால் கொழுப்பு உருகிப் பிசுபிசுப்பு விட்டுப்போகும். சீக்கிரம் கெட்டும் போகும்.

உள்ளே வைக்க, கோழி முட்டையைவிடக் காடை முட்டை வசதி. வேகவைத்து, உருண்டைக்கு ஒன்று முழுதாக வைக்கலாம். மெல்லியதாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், ஒடித்த அக்ரூட் பருப்பு கொஞ்சம். அக்ரூட் விலை கூடுதல்தான். ஆனால் அதன் இலேசான கசப்பு வேர்க்கடலைக்கு வராது, ஆகவே குறைத்துப் போடுங்கள், மாற்ற வேண்டாம். புளிப்புக்கு ஆல்பகோடா பழம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மசக்கை வாந்திக்கு வாங்குவோமே, அதுதான். ஈரானியர்களும் இந்த உலர்ந்த பழத்தைத்தான் வைக்கிறார்கள். கொட்டையை எடுத்துவிட்டு வையுங்கள்.

கையை நனைத்துக்கொண்டு பிசைந்த கறியில் ஒரு பங்கை எடுத்து, உள்ளங்கையில் கிண்ணம் போலக் குழித்து, நடுவில் இவற்றை வைத்து மூடுங்கள். கொழுக்கட்டை பிடித்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இணைப்பு தெரியாத அளவுக்கு ஈரக் கையால் நீவிவிடுங்கள். வெடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாறு புகும். இந்த அளவுக்கு ஆறு உருண்டை வரும்.

அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் வெங்காயத்தை வதக்கி, மஞ்சள் சேர்த்து, நாலு தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாசம் போனதும் பருப்புத் தண்ணீரும் எலும்புச் சாறும் விடுங்கள். உருண்டையின் முக்கால் உயரத்துக்குச் சாறு நிற்க வேண்டும். நன்றாகக் கொதிக்கும்போது உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக இறக்கிவிட்டு, உடனே தீயைக் குறையுங்கள். ஆறாத சாற்றில் போட்டால் மேற்புறம் சட்டென்று இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகும் தளதளவென்று கொதிக்கவிட்டால் உருண்டைகள் மோதி உடையும். முதல் இருபது நிமிடம் மூட வேண்டாம், கரண்டியும் போட வேண்டாம். சாற்றை மொண்டு மேலே ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். பிறகு பாதி மூடி, ஒரு மணி நேரம். குக்கரில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது. இறக்குவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை குங்குமப்பூவை நுணுக்கி வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

சாப்பிடும் முறையும் அழகானது. முதலில் சாற்றை மட்டும் கிண்ணங்களில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். நமக்குச் சப்பாத்தியே போதும். அதற்கடுத்து உருண்டையைத் தட்டில் வைத்துப் பிளந்து, பச்சை இலைகளோடும் ஊறுகாயோடும். பிளக்கிற வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பதில் அவர்களுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். கை பழகும்வரை எலுமிச்சை அளவில் பிடியுங்கள். உள்ளே முட்டை வேண்டாம், ஒரு துண்டு ஆல்பகோடாவும் கொஞ்சம் வெங்காயமும் வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் வெந்துவிடும். சாமையை மட்டும் பளபளப்பான பொட்டலத்தில் தேடாமல், மலையிலிருந்து இறங்கி வந்து விற்கும் மக்களிடம் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்குங்கள்.