65 எழுத்து, ஒரு லைன்

இந்த வாரம் ஜெகதளாவுல, எங்க சித்தி வீட்டுல இருந்து பேசறேன். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரிக்குப் பக்கத்து ஊர். காத்து பலமா அடிச்சா கரண்ட் போயிடும், அதனால சீக்கிரம் சொல்லிடறேன்.

சித்தி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். அமெரிக்க டாக்டருங்க பேசி அனுப்பற ஆடியோவைக் கேட்டு ரிப்போர்ட்டா அடிக்கிற வேலை. காலுக்கடியில ஒரு பெடல்: மிதிச்சா ஓடும், எடுத்தா நிக்கும். சம்பளம் லைன் கணக்கு. ஒரு லைன்னா 65 எழுத்து, ஸ்பேஸும் சேர்த்து. டாக்டர் முழுங்கின வார்த்தைக்காகப் பத்து தடவை பின்னாடி ஓட்டினா, அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

ஹைப்பர்டென்ஷனா, ஹைப்போடென்ஷனா? வேகமாப் பேசினா ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு பிபி ஏறுறது, இன்னொண்ணு இறங்கறது. சித்தி காதை நம்ப மாட்டாங்க, மருந்து லிஸ்ட்டைப் பார்ப்பாங்க. மிடோடிரின் இருந்தா லோ பிபி. லிசினோபிரில்னா பெரும்பாலும் ஹை.

இப்ப மெஷின் முதல்ல அடிச்சிடுது, சித்தி திருத்தறாங்க. ‘எடிட்டிங்’னு பேரு, ரேட் பாதி. பேச்சை எழுத்தாக்கற நுவான்ஸ் கம்பெனியை 2022-ல மைக்ரோசாஃப்ட் வாங்கினப்ப நான் சந்தோஷமா ஸ்டேட்டஸ் போட்டவன். சித்தியும் லைக் போட்டிருந்தாங்க.

2024-ல ஏபி ஒரு செய்தி போட்டுச்சு: ஓபன்ஏஐயோட விஸ்பர், யாருமே சொல்லாத வாக்கியங்களைத் தானா எழுதிடுதுன்னு. அதைச் சித்திகிட்டக் காட்டினேன்.

“அதான்டா தினமும் அழிச்சிட்டிருக்கேன். அழிக்கிற லைனுக்கு யாரு காசு தர்றா?”