புதிய பெட்டியில் பழைய படம்

(தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், உபின் தீவை எதிர்நோக்கிய கடற்கரையோடு அமைந்த நகரம் பாசிர் ரிஸ். நம் தோட்டங்களிலிருந்து வேலை தேடிச் சென்ற பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் அங்கும் உண்டு. தீபாவளிக்கு அங்குச் செல்லும் பெற்றோர், வசந்தம் அலைவரிசையில் படம் கண்ணாடி போல் தெளிந்திருப்பதைக் கண்டு வியக்கின்றனர். அதே பெட்டியில் மகளின் திருமணப் படத்தைப் போட்டாலோ, முகங்கள் மங்கிப் புடைவைக் கரைகள் நெளிகின்றன. "பெட்டி சரியில்லை, இதைவிடப் பெரியதாக வாங்கு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். மாதச் சம்பளம் முழுவதையும் விழுங்கக்கூடிய அந்தச் செலவு தேவைதானா என்பதை இன்று ஆராய்வோம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது 1963 ஆம் ஆண்டில். வண்ணம் வந்தது சிங்கப்பூரில் 1974 இல், மலேசியாவில் 1978 இல். இரு நாடுகளும் கைக்கொண்ட பழைய முறையில் திரையில் தெரியும் வரிகள் 576. அதை இலக்கமாக்கும்போது ஒரு வரிக்கு 720 புள்ளிகள். ஆக மொத்தம் 4,14,720 புள்ளிகள். இன்றைய முழு உயர் தெளிவுப் பெட்டியிலோ 1080 வரிகள், வரிக்கு 1920 புள்ளிகள், மொத்தம் 20,73,600. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. அதாவது, பழைய படத்தைப் புதிய பெட்டியில் போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் ஒளிப்பதிவாளர் எடுத்தது. மற்ற நான்கு பங்கையும் பெட்டியே அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அனுமானித்து இட்டு நிரப்புகிறது. 4கே எனப்படும் பெட்டியில் இருபதில் பத்தொன்பது பங்கு இப்படி நிரப்பப்படுவதே.

பால்வெட்டும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. வாளிப் பாலில் தண்ணீரை ஊற்றினால் வாளி நிறையும், ரப்பர் கூடுமா? நல்ல பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எவ்வளவு ஊற்றினாலும் அமிலமிட்டு உறைய வைக்கும்போது உள்ளது மட்டுமே தகடாகும். பெட்டியும் அப்படித்தான். நாடாவில் பதியாத கண்ணிமையை எந்த விலையுயர்ந்த பெட்டியும் வரைந்து தராது. ஆனால் உள்ள பாலைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் படம் கெடுவது இந்தச் சிந்தலினால்தான் என்பது நம் கருத்து.

முதற் சிந்தல் கம்பியில் நிகழ்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பியை அறிவீர்கள். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படம் முழுவதும், அதன் வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாய்க் கலந்து, மஞ்சள் கம்பி ஒன்றிலேயே செல்கிறது. மறுமுனையில் பெட்டி அவற்றைப் பிரிக்க முயலும்போது முழுமையாகப் பிரிக்க இயலுவதில்லை. பட்டுச் சரிகையில் வானவில் போன்ற நிறங்கள் ஊர்வது இதனால்தான். எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு இக்குறை இல்லை. சிங்கப்பூரில் பழைய அலைவரிசை முறை 2019 சனவரித் தொடக்கத்திலும், மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரிலும் நிறுத்தப்பட்டன. அப்போது வசதி குறைந்த குடும்பங்களுக்கு இலக்கமுறைப் பெட்டிகள் இலவசமாகவும் கிடைத்தன. அப்பெட்டியைப் புதிய தொலைக்காட்சியுடன் இன்னும் மஞ்சள் கம்பியால் இணைத்திருப்பவர்கள், உயர் தெளிவில் வரும் நிகழ்ச்சியையும் பழைய தரத்திற்கு இறக்கியே பார்க்கின்றனர்! பெட்டியின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டி.வி.டி. கருவிக்கும் இதுவே பொருந்தும். கம்பிக்கு மிகுந்த விலை கொடுக்க வேண்டாம். சிறிய தொலைவுக்கு மலிவான கம்பி போதும்.

அடுத்தது உருவ அளவு. பழைய படம் நான்குக்கு மூன்று என்ற அளவிலானது. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. திரை நிறையட்டும் என்று இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி மணமகள் பருத்துப் போவாள். பெரிதாக்கி நிறைத்தாலோ மேலும் கீழும் வெட்டுண்டு 576 வரிகளில் 432 மட்டுமே எஞ்சும். ஏற்கெனவே குறைந்திருக்கும் பாலில் கால் பங்கைக் கொட்டிவிட்டோம். இருபுறமும் கருப்புப் பட்டை நிற்கட்டும், அது குறையன்று. ரிமோட்டில் பட அளவு என்னும் பகுதியில் 4:3 என்று அமைத்துவிடுங்கள்.

கூர்மையை ஏற்றினால் தெளிவு கூடும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். கூர்மை என்பது ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும் வேலையே அன்றி வேறில்லை. பட்டையை ஆழமாகச் சீவினால் பால் கூடுவதுபோல் தோன்றும். பிறகு மரத்தில் புண் விழும். எழுத்துகள் வரும் காட்சி ஒன்றை நிறுத்தி, அவற்றைச் சுற்றிய வெள்ளை விளிம்பு மறையும்வரை கூர்மையைக் குறையுங்கள். படப் பாங்கு கடைக்குரிய பளிச்சென்ற அமைப்பில் இருந்தால் சினிமா என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். கடையின் விளக்கு வெள்ளத்தில் கண்ணைக் கவரச் செய்த அமைப்பு அது. வீட்டு விளக்கில் பழைய நாடாவின் புள்ளிகளையெல்லாம் பூதாகரமாக்கும். புள்ளி குறைக்கும் வசதியைச் சிறிதளவு வைத்துக்கொள்ளலாம். மிகுத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை போலாகும்.

நாட்டியக்காரியின் கை அசையும்போது விளிம்பு சீப்புப் பற்களைப்போல் பிளவுபடுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். பழைய முறையில் ஒற்றைப்படை வரிகள் முதலிலும் இரட்டைப்படை வரிகள் பிறகுமாக நொடிக்கு 50 அரைப்படங்கள் அனுப்பப்பட்டன. அவற்றை ஒன்றுசேர்ப்பதில் நேரும் பிசகே இது. சேர்க்கும் வேலையை டி.வி.டி. கருவியும் செய்யும், தொலைக்காட்சியும் செய்யும். கருவியின் வெளியீட்டை ஒருமுறை 576க்கும் ஒருமுறை 1080க்கும் மாற்றிப் பார்த்து, எது நன்றாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காசு செலவில்லை.

இனிப் பெரிய பெட்டி வாங்கும் பேச்சு. 576 வரிப் படத்தின் குறை கண்ணுக்குத் தெரியாதிருக்கத் திரை உயரத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தள்ளி அமர வேண்டும். 32 அங்குலப் பெட்டிக்கு எட்டடி. 55 அங்குலப் பெட்டிக்குப் பதின்மூன்றடிக்கும் மேல். நம் தோட்டத்து வீடுகளின் கூடத்தில் பதின்மூன்றடிக்கு எங்கே போவது? பாசிர் ரிஸ் வீடுகளிலும் அது எளிதன்று. பழைய படங்களையே மிகுதியாகப் பார்க்கும் குடும்பத்திற்குச் சிறிய பெட்டியே நல்ல படம் காட்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

வி.சி.டி. வட்டில் வைத்திருப்போர் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதில் 352க்கு 288 புள்ளிகளே, டி.வி.டி.யில் ஏறத்தாழ நாலில் ஒன்று. மூல நாடா யாரிடமாவது இருந்தால் அதைத் தேடுங்கள்.

அந்த நாடாவைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அலமாரியில் கிடக்கும் அந்தப் பேழையில்தான் மறைந்துபோன தாத்தா நடந்து வருகிறார், பாட்டி பேசுகிறாள். பல குடும்பங்களில் அவர்களுக்கு வேறு அசையும் படமில்லை. நம் ஊர்களின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெண்மையாகப் படிந்திருந்தால் கருவியில் போடாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். நாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 இல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடக்கூடிய கருவிகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. பெட்டிக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, நாடாவை இலக்கக் கோப்பாகப் படியெடுத்துத் தருபவரிடம் கொடுங்கள். 4:3 அளவை மாற்றாமல், கூர்மை ஏற்றாமல், உள்ளபடியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வைப்பது நலம். மூல நாடாவையும் எறிந்துவிடாதீர்கள்.