விதி இல்ல மச்சான், கமிஷன்

வேலப்பன்சாவடியிலிருந்து பேசுறேன். பின்னாடி கேக்குற ஹாரன் எல்லாம் பூந்தமல்லி ஹை ரோடு. ரெகுலரா கேக்குறவங்களுக்கு அது பழகியிருக்கும்.

இன்னைக்கு மூணு வார்த்தை: தற்செயல், அதிர்ஷ்டம், விதி. மூணையும் நாம ஒரே பொருள்ல மாத்தி மாத்தி யூஸ் பண்றோம். ஆன்லைன் ரம்மியில நிறைய காசு விட்ட ஒரு ஃப்ரெண்ட், போன மாசம் டீக்கடையில சொன்னான்: "எல்லாம் என் தலையெழுத்து மச்சான்." அந்த வார்த்தை அங்க பொருந்தலைன்னு எனக்குத் தோணுச்சு. ஏன்னு பார்ப்போம்.

நீங்க ஸ்டாப்புக்கு வர்ற அதே நிமிஷம் பஸ்ஸும் வருது. இது தற்செயல். அந்த பஸ்ஸுக்கு உங்களைத் தெரியாது. இன்டர்வியூவுக்கு லேட்டாகிட்டிருந்தா, உங்களுக்கு அது அதிர்ஷ்டம். எதிர்ப்பக்கத்துல ரோடு கிராஸ் பண்ண முடியாம நின்னு அதே பஸ்ஸை விட்டவருக்கு துரதிர்ஷ்டம். நடந்தது ஒண்ணுதான், யாருக்கு நடந்துச்சுங்கறதுதான் வித்தியாசம். அந்த பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்தவங்களையே அஞ்சு வருஷம் கழிச்சு கல்யாணம் பண்ணிக்கிட்டீங்கன்னா, மண்டபத்துல பெரியவங்க "அன்னைக்கே முடிச்சுப் போட்டாச்சு"ன்னு சொல்லுவாங்க. அதான் விதி. அது எப்பவும் திரும்பிப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

'அதிர்ஷ்டம்'ங்கறது சமஸ்கிருதத்துல 'அதிருஷ்டம்'. 'கண்ணுக்குத் தெரியாதது'ன்னு அர்த்தம். எனக்கு இந்த அர்த்தம் ரொம்பப் பிடிக்கும். ஏன்னா கோட் எழுதுறவங்களுக்கு இது தினமும் நடக்குற கதை. சாதாரண ரேண்டம் ஃபங்ஷனுக்கு ஆரம்பத்துல ஒரு எண் கொடுப்போம், 'விதை' மாதிரி. அதே விதையைக் கொடுத்தா, அதே எண்கள் அதே வரிசையில வரும். நூறு தடவை ஓட்டினாலும் மாறாது. விதை தெரிஞ்சவனுக்கு எல்லாம் முன்னாடியே முடிவானது, தெரியாதவனுக்கு அதுவே தற்செயல். (காசு புழங்குற சிஸ்டம்ல இதைவிடக் கெட்டியான முறை வேணும், அது தனி எபிசோட்.)

சரி, ரம்மிக்கு வருவோம். இது அதிர்ஷ்டமா திறமையாங்கற கேள்வி நம்ம நாட்டு கோர்ட்டுகள்ல பல வருஷமா ஓடிட்டிருக்கு. 1967-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு: மூணு சீட்டு மாதிரி இது முழுக்க அதிர்ஷ்டம் இல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை வெச்சுக்கறது எதைப் போடறதுன்னு யோசிக்கணும், அதனால இது பெரும்பாலும் திறமை. 2022-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வெச்சு ஆன்லைன்ல ஆடுற எதுவுமே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு.

ஒரு ஆட்டத்தைப் பத்தி 1967-ல சொன்னது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா என் ஃப்ரெண்ட் ஆடினது ஒரு ஆட்டம் இல்லையே.

ஒரு கணக்கு போடுவோம், எண்கள் என்னோடது. ரெண்டு பேர், ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 200. அதுல ஆப் 10 சதவீதம், அதாவது 20 ரூபாய் எடுத்துக்குது. ஜெயிச்சவருக்கு 180 வருது, லாபம் 80. ரெண்டு பேருக்கும் சம திறமை, 100 ஆட்டம். நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் மாறி மாறி வந்து ஆளுக்கு 50 ஜெயிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. லாபம் 4,000, நஷ்டம் 5,000. ஆளுக்கு 1,000 ரூபாய் காலி. ஆப்புக்கு 2,000. இதுல துரதிர்ஷ்டம் எங்க இருக்கு? ரெண்டு பேருக்கும் அதிர்ஷ்டம் சமமாத்தான் வந்துச்சு. ஆட்டம் கூடக் கூட தற்செயல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கமிஷன் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். எதிராளி கெட்டிக்காரனா இருந்தா இன்னும் மோசம்.

"ஏழு தடவை தொடர்ந்து போச்சு, எட்டாவது எனக்குத்தான்"னு தோணும் பாருங்க, நைட் ரெண்டு மணிக்கு ஆளை உட்கார வைக்கிறது அதுதான். கலைச்சுப் போடுற சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. உங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்னு அதுக்குத் தெரியாது.

திருக்குறள்ல 'ஊழ்' 38-வது அதிகாரம், அறத்துப்பாலோட கடைசி. 'சூது' 94-வது, பொருட்பால்ல, கள்ளுண்ணாமைக்கு அடுத்தது. வள்ளுவர் சூதை விதி பக்கத்துல வைக்கல, குடி பக்கத்துல வெச்சிருக்கார். எனக்கு இது தற்செயலாத் தெரியல.

அந்த டீக்கடையில இந்தக் கணக்கை ஒரு பேப்பர் கப் மேல எழுதிக் காமிச்சேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ ஜெயிச்சதெல்லாம்?"னு கேட்டான். அந்த ஒரு ஆட்டத்துல அதிர்ஷ்டம்தான், உண்மையான அதிர்ஷ்டம், அதை யாரும் மறுக்கலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கடனைப் பத்தி முதல் தடவையா தொகையோட சொன்னான். வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது. தலையெழுத்துன்னு சொன்னவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டியிருக்கல, இப்போ அக்காகிட்ட பேசப் போறேன்னு சொல்லியிருக்கான்.

உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ இந்த மாதிரி நஷ்டத்தால தூக்கம் போயிருந்தா, 14416. டெலி மானஸ், அரசோட இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.