அடங்குவதும் அடக்குவதும்

வடக்கே வளரும் நம் குழந்தைகளுக்கு ‘அடங்கு’, ‘அடக்கு’ இரண்டும் குழப்பம். ஹிந்தியின் ருக்னா, ரோக்னா ஜோடியைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மோர் குடித்தால் தாகம் அடங்குகிறது; பிராணாயாமத்தில் மூச்சை அடக்குகிறோம். (கடைக்காரரின் அடக்க விலை தனிக் கதை!)

திருக்குறளின் 13-ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. ஆமை உவமை அங்கும் உண்டு, கீதையின் 2-ஆம் அத்தியாயத்திலும் உண்டு. இரண்டிலும் ஒருவர் தம் புலன்களைத் தாமே அடக்குவதுதான் பேச்சு. ஆண், பெண் பேதமில்லை. நம் வரன் விளம்பரங்களில் மட்டும் ‘அடக்கமான பெண் தேவை’ என்கிறோம். அடங்கிய பையன் வேண்டுமென்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. காளையை அடக்குவதுபோல் மாட்டுப்பெண்ணை அடக்கவா இந்தச் சொல்? இனி விளம்பரம் தரும் பெற்றோர் இரு தரப்புக்கும் அதை எழுதுங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள்.