மாத்திரை ஒருவருக்கு மட்டும் போதாது
(வட்டார கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் நாம் வாய்திறந்து பேசப் பழகிவிட்டோம். ஆனால் வெள்ளைப்படுது, அரிக்குது, அடிவயிறு வலிக்குது என்பதை மட்டும் கூட்டம் முடிந்த பிறகு காதோடு காதாகத்தான் சொல்கிறோம். அதிலும் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷமான பிள்ளைகள் சொல்வது இதுதான்: "அக்கா, மாத்திரை போட்டேன், சரியாச்சு. மறுபடியும் வந்திருச்சு." அந்த 'மறுபடியும்' பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் ஒன்று. எல்லா வெள்ளைப்படுதலும் நோய் இல்லை. வாடை, அரிப்பு இல்லாமல் கொஞ்சமாகப் படுவது இயல்பு. தயிர் திரிந்த மாதிரி, அரிப்போடு வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும். அதற்காக யாரையும் சந்தேகப்படக்கூடாது. ஆனால் கெட்ட வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், பிறப்புறுப்பில் புண், நீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

உடலுறவு மூலம் பரவுவதைத்தான் பால்வினை நோய் என்கிறோம். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினை நோய்கள் மட்டும் 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 37 கோடி பேருக்கு மேல் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆகவே இது யாரோ 'கெட்டவர்களுக்கு' வரும் நோய் இல்லை. இளம்பெண்களுக்குக் கருப்பை வாய் முழுதாக முதிர்ந்திருக்காது. அதனால் கிருமி சுலபமாகத் தொற்றுகிறது.

சரி, ஏன் மறுபடியும் வருகிறது? மனைவி மட்டும் மாத்திரை சாப்பிடுகிறாள். கணவர், "எனக்கு ஒண்ணுமில்லையே" என்கிறார். அவருக்கு வெளியில் எதுவும் தெரியாமலே கிருமி உள்ளே இருக்கலாம். பெண்களுக்கும் அப்படித்தான். மறுபடி சேரும்போது மறுபடி தொற்றுகிறது. அசல் அப்படியே இருக்க, வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் எப்படி அடையும்?

மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும், மருந்துக்கடையில் சொல்லி ஏதோ வாங்கிப் போடுவதும் இன்னொரு காரணம்.

திரும்பத் திரும்ப வந்தால் கருக்குழாய் அடைபடலாம். குழந்தை தங்காமல் போகலாம். கடைசியில் 'மலடி' என்ற பேச்சு யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தும் கூடுகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். சொன்ன நாள் வரை முழுசாகச் சாப்பிட வேண்டும்.

2. இருவரும் மருந்தை முடித்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம்.

3. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

4. காப்பர்-டி, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. ஆணுறைதான் இரண்டையும் தடுக்கும்.

5. சோப்பு, டெட்டால் விட்டு உள்ளே கழுவாதீர்கள். நல்ல கிருமிகளும் செத்து, நோய் கூடும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

"வீட்டுக்காரர்கிட்ட எப்படிக்கா சொல்றது? என்னையே திருப்பிக் கேட்பாரே" என்கிறீர்கள். நியாயமான பயம்தான். கிருமி மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும். அதனால் யார் கொண்டுவந்தது என்று மருந்துச்சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சண்டைக்குப் போகாமல், "ரெண்டு பேரும் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அடி விழும் என்று பயமிருந்தால் முதலில் நர்சம்மாவிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று அவர்களோடு கலந்து முடிவு செய்யலாம். வெளியூர் வேலைக்குப் போனவர் ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிப்போங்கள். அதுவரை வந்த நோயை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னால் அது நம்மோடு நிற்கட்டும். தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஒருவர் போனால் போதும். கூட ஒரு அக்கா வருகிறார் என்றாலே பாதி பயம் போய்விடும்.