படத்துக்கு ஒரு பெயர்

பல வீடுகளில் ஒரு பழைய போட்டோ இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும். இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியின் அடியில், புடவை மடிப்புக்குள் கிடக்கும். பேரப்பிள்ளை அதை எடுத்து வந்து கேட்கும்: "பாட்டி, இது யாரு?"

"அது உன் தாத்தாவோட அக்கா. பக்கத்துல நிக்கிறது..."

பாட்டி யோசிப்பார். பெயர் நினைவுக்கு வராது. பாட்டிக்குப் பிறகு அந்த அக்காவின் பெயரைச் சொல்லவும் ஆள் இருக்காது. படம் இருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பது போய்விடும்.

இன்றைய பேச்சு போட்டோவைப் பற்றியது. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கி, இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைப்பது எப்படி? அதைத் தெரிந்துகொள்வதற்கு முன், ஐதராபாத்தில் தொழில் செய்த ஒரு போட்டோக்காரரின் கதையைக் கேளுங்கள்.

கண்ணாடியில் பிடித்த படம்

அவர் பெயர் லாலா தீன் தயாள். 1844-இல், மீரட் நகருக்குப் பக்கத்தில் உள்ள சர்தானா என்னும் ஊரில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்தார். இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். வேலைக்கு நடுவே போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அதுவே அவருடைய தொழில் ஆனது.

அப்போது ஐதராபாத்தை ஆண்டவர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான். அவர் தீன் தயாளைத் தம்முடைய போட்டோக்காரராக வைத்துக்கொண்டார். ராஜா என்ற பட்டமும் கொடுத்தார். சிகந்திராபாத்தில் தீன் தயாளின் ஸ்டுடியோ நடந்தது.

அந்தக் காலத்தில் செல்போன் ஏது? மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்பார்கள். தகட்டில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதை வைத்துத் தாளில் சரியான படம் போடுவார்கள். கை தவறினால் கண்ணாடி உடையும். படமும் போகும்.

தீன் தயாள் சார்மினாரைப் படம் பிடித்தார். அரண்மனைகளையும் விருந்துகளையும் பிடித்தார். பஞ்ச காலத்தில் நிவாரண வேலை நடந்த இடங்களையும் பிடித்தார். ஆயிரக்கணக்கில் தகடுகள் சேர்ந்தன. வேண்டிய தகட்டை எப்படித் தேடி எடுப்பது? அதற்காகத்தான் எண் போட்டார். பெயரும் எழுதினார். அவருடைய பல படங்களின் ஓரத்தில் அந்த எழுத்தை இன்றும் படிக்கலாம்.

1905-இல் அவர் இறந்தார். 1989-இல் அவருடைய 2,857 கண்ணாடித் தகடுகள் தில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2006-இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளிவந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் "இது இந்த இடம்" என்று சொல்ல முடிகிறது. எழுதி வைத்த எழுத்துதான் அதற்குக் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ஆல்பங்களில் பொதுவாக நவாபின் பெயர் இருக்கும். துரையின் பெயர் இருக்கும். மண் சுமந்தவரின் பெயர் இருக்காது. அவர் தம் பெயரைத் தாமே எழுதவும் முடியாது. எழுத்து அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

ஒரு மகளிர் குழு ஏரி தூர் வாரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் 60 படங்கள் எடுத்தார்கள். அவற்றை இணையத்தில் வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். கோலத்தில் புள்ளி வைப்பது போலத்தான். குறுக்கே 4,000 புள்ளி, நெடுக்கே 3,000 புள்ளி என்றால், ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இப்படி 60 படங்களும் ஒரே சமயத்தில் வந்தால், பார்ப்பவர் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பணம் கட்டி வாங்கிய டேட்டாவும் தீர்ந்துபோகும்.

அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டிப் படம் செய்ய வேண்டும். குறுக்கே 200 புள்ளி, நெடுக்கே 150 புள்ளி போதும். மொத்தம் 30,000 புள்ளிகள்தான். பெரிய படத்தில் இருப்பதில் 400-இல் ஒரு பங்கு. முதலில் குட்டிப் படங்கள் மட்டும் வரிசையாக வரும். எது வேண்டுமோ அதைத் தொட்டால் பெரிய படம் வரும்.

அறுபது படங்களையும் கையால் ஒவ்வொன்றாகச் சுருக்க வேண்டுமா? வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். இதை ஸ்கிரிப்ட் என்பார்கள். அதில் வரிசையாக வேலைகள் இருக்கும்:

1. இந்தப் பெட்டியில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக எடு.
2. ஒவ்வொன்றுக்கும் குட்டிப் படம் செய்.
3. குட்டிப் படங்களை வரிசையாக அடுக்கு.
4. ஒவ்வொன்றின் கீழும் அதன் குறிப்பை எழுது.

இதில் படத்தைச் சுருக்கும் வேலை கடினமானது. ஆனால் அதை மற்றவர்கள் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படித் தயாராக இருக்கும் துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். இட்லி அவிக்க யாரும் தட்டு அடிப்பதில்லை. கடையில் தட்டை வாங்கி மாவை ஊற்றுவார்கள். மாட்யூல் என்பதும் அந்தத் தட்டு போலத்தான்.

1987-இல் லாரி வால் என்னும் அமெரிக்கர் பெர்ல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். 1995-இலிருந்து அதற்கான மாட்யூல்களை இணையத்தில் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விலை கிடையாது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்தால், குழுவுக்கு இதைச் செய்து கொடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

ஸ்கிரிப்ட் நான்கு வேலைகளையும் நொடியில் முடிக்கும். ஆனால் நான்காவது வேலையில் உள்ள குறிப்பு எங்கிருந்து வரும்? அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்காவிட்டால் "படம் 0147" என்றுதான் போடும்.

ஆகவே குழுவில் ஒருவர் நோட்டை எடுத்து எழுத வேண்டும்:

01 – ஏரிக்கரை, மதகுப் பக்கம்.
02 – மண் சுமப்பவர்கள். இடமிருந்து வலம்: முத்தம்மா, செல்வி, அஞ்சலை.
03 – மழைக்குப் பின் ஏரி.

இதையே கம்ப்யூட்டரில் தமிழில் அடித்துக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் அதைப் படித்து அந்தந்தப் படத்தின் கீழே போடும்.

எண் போடும்போது 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கும்போது கம்ப்யூட்டர் இடப்பக்கத்து எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 1-க்குப் பிறகு 10, 11 என்று போய்விடும். 2 பின்னால் தள்ளிப்போகும். தேதி எழுதினால் ஆண்டை முதலில் எழுதுங்கள். பிறகு மாதம், பிறகு நாள். அப்போதுதான் பழையது முன்னும் புதியது பின்னுமாக ஒழுங்காக நிற்கும்.

கேட்காமல் போடலாமா?

தீன் தயாளிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐதராபாத்தில் பல குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆண் முன் வரமாட்டார்கள். அவர்களுக்காக 1892-இல் அவர் தனி ஸ்டுடியோ திறந்தார். ஓர் ஆங்கிலப் பெண்மணி அதை நடத்தினார். உள்ளே ஆண்களுக்கு இடமில்லை. யார் தன்னைப் பார்க்கலாம் என்பதில் படத்தில் இருப்பவருக்கும் ஒரு சொல் உண்டு என்பதை அந்த ஸ்டுடியோ ஒப்புக்கொண்டது.

இணையத்துக்குச் சுவர் இல்லை. போட்ட படத்தை உலகத்தில் யாரும் பார்க்கலாம். தன் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். பிறகு நீங்கள் உங்கள் படத்தை எடுத்துவிட்டாலும் அவரிடம் உள்ள பிரதி போகாது. சில செல்போன் படங்களுக்குள் எடுத்த இடத்தின் விவரம்கூட ஒளிந்திருக்கும். ஆகவே முத்தம்மாவின் படத்தைப் போடும் முன் முத்தம்மாவைக் கேளுங்கள். குழந்தைகளின் படம் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கண்ணாடி உடைந்தது போலக் கம்ப்யூட்டரும் பழுதாகும். செல்போன் தொலைந்துபோகும். எல்லாப் படங்களுக்கும் குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

இன்று இரவே செய்யலாம்

கம்ப்யூட்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய போட்டோவை எடுங்கள். வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யார்? எந்த ஊர்? எந்த வருஷம்?" என்று கேளுங்கள். போட்டோவைக் கவிழ்த்துப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும். அழுத்தினால் தடமும் தெரியும்.

மூன்று வரி போதும். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மண் சுமந்தவரின் பெயரை அன்று யாரும் எழுதவில்லை. இன்று அவருடைய பேத்தி எழுதுவாள். அந்த எழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.